பெருக்காமல் விட்ட தெரு

1

போன வாரம் ஒருநாள் என் மகள் நித்யா கல்லூரியிலிருந்து வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. கையில் கிழித்த சினிமா டிக்கெட். கேட்டால், "இன்னிக்கு கிளாஸ் பாய்காட்மா" என்றாள். கேன்டீனில் சாப்பாடு மோசமாம். அதை எதிர்த்துப் பிள்ளைகள் எல்லோரும் வகுப்பைப் புறக்கணித்துவிட்டு, கையோடு மத்தியானக் காட்சிக்கும் போய் வந்திருக்கிறார்கள்.

"சாப்பாடு சரியில்லன்னா கேன்டீனத்தானேடி புறக்கணிக்கணும்? கிளாஸ் என்ன பண்ணுச்சு?"

"கேன்டீன பாய்காட் பண்ணா பசிக்குமேம்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். விடை சரியா தப்பா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அவள் சொன்னது சரியான விடை. ஒன்றைப் புறக்கணித்தால் கடைசியில் யாருக்குப் பசிக்கும் என்பதுதான் கேள்வி. தனக்குப் பசிக்காத இடமாகப் பார்த்துப் புறக்கணித்தால் அதற்குப் பெயர் லீவு.

இதைச் சொன்னேன். "லெக்சர் ஆரம்பிக்காதே" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். என் மகளுக்குக் கோபம் கன்னடத்தில் வரும், சந்தோஷம் ஆங்கிலத்தில் வரும். ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும்.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு அஞ்சலையின் ஞாபகமாகவே இருந்தது.

2

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், "இவள் என்ன லண்டனிலா இருக்கிறாள்? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெங்களூர் போய்விடலாமே" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ரேஷன் கார்டை இந்த மாநிலத்துக்கு மாற்றுவதற்காக நாங்கள் அலைந்த அலைச்சலில் கடலையே தாண்டியிருக்கலாம். அங்கே பெயரை நீக்கியதற்குச் சான்று கொண்டு வா என்றார்கள் இங்கே. இங்கே சேர்த்ததற்குச் சான்று கொண்டு வந்தால் நீக்குகிறோம் என்றார்கள் அங்கே. நடுவில் கொஞ்ச காலம் நாங்கள் எந்த ஊரிலும் சர்க்கரை வாங்காத குடும்பமாக இருந்தோம். நித்யாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது 'தாய்மொழி' என்ற இடத்தில் நான் தமிழ் என்று எழுத, குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "இதை எதற்கு எழுதுகிறீர்கள், பின்னால் குழந்தைக்குத்தானே கஷ்டம்" என்று அக்கறையோடு சொன்னார். அக்கறைதான். அதுதான் வலித்தது.

எனக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். என் கணவர் சேகருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் வந்தோம். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் சாவித்ரம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தோம். பாதைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீராம்புரம். அங்கே சந்துக்குச் சந்து தமிழ்ச் சத்தம். எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான் தமிழ்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தது. அந்த நாட்களில் சாவித்ரம்மா எங்களை மாடியை விட்டு இறங்கவிடவில்லை. "வாசல்ல நின்னு பேச வேண்டாம், சைகையில கேளுங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, பாலையும் காய்கறியையும் அவரே மேலே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மத்தியானம் கையில் தடிகளோடு சிலபேர் தெருவுக்குள் வந்து, தமிழர் வீடு எது என்று விசாரித்தார்கள். தெருமுனை வீட்டுக் கிருஷ்ணமூர்த்தி, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இல்லி எல்லாரூ நம்ம ஜனானே" என்றார். இங்கே எல்லோரும் நம்ம ஆட்கள்தான் என்று அர்த்தம். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

அந்த வார்த்தைக்காக அவரை நான் வருடக்கணக்கில் மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

3

அதற்குச் சில வருடங்கள் கழித்து, ஒரு தீபாவளிக்கு மறுநாள் காலை. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கப் பட்டாசு வெடித்த தாள் குப்பை. கான்டிராக்டரிடம் வேலை செய்யும் ஸ்ரீராம்புரத்துப் பெண்கள் வந்து கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அஞ்சலைக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், உரத்த குரல். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கி லேட்டா?" என்று கேட்பார். நானும் ஏதாவது சொல்வேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

அஞ்சலை தெருவை ஒருமுறை கூட்டி முடித்துத் திரும்பி வந்தபோது, கிருஷ்ணமூர்த்தி வீட்டு மதிலுக்கு மேலாக ஒரு பை வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் வாய் பிரிந்து, இனிப்பு டப்பாக்களும் எச்சில் இலைகளும் கூட்டிய இடத்தில் சிதறின. அஞ்சலை அவற்றைத் திரும்பப் பையில் அள்ளிக் கட்டி, கேட்டுக்கு முன்னால் படியில் வைத்தார். உள்ளே பார்த்து, "இப்போதான் கூட்டினேன் சார். வண்டி வரும்வரைக்கும் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கன்னடத்தில் சொன்னார். குரல் உரத்ததுதான், ஆனால் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாடியில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

கிருஷ்ணமூர்த்தி வெளியே வந்தார். படியில் இருந்த பையைப் பார்த்தார். அஞ்சலையின் கன்னத்தில் அறைந்தார்.

தெருவே நின்றுவிட்டது. அஞ்சலை அழவில்லை, திட்டவில்லை. துடைப்பத்தை அவர் வீட்டு மதிலிலேயே சாய்த்து வைத்துவிட்டு நடந்தார். மற்றப் பெண்களும் ஒருவர் பின் ஒருவராகத் துடைப்பங்களை அங்கேயே சாய்த்துவிட்டுப் போனார்கள். தள்ளுவண்டி நடுத்தெருவில் நின்றது. சாயங்காலம் மேஸ்திரி வந்து அதை உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அவர்கள் வேலைக்கு வந்தார்கள். பக்கத்துத் தெருவைக் கூட்டினார்கள். அதற்கடுத்த தெருவையும் கூட்டினார்கள். எங்கள் தெருவின் முனையில் துடைப்பக் கோடுகள் நின்றிருந்தன. அதற்கு இந்தப் பக்கம் பட்டாசுத் தாள் அப்படியே கிடந்தது.

அப்போது நித்யா சின்னப் பெண். ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, அவங்க நம்ம தெருவோட டூ விட்டுட்டாங்களா?"

4

முதலில் யாருக்கும் புரியவில்லை. பண்டிகை அசதி என்றார்கள். மேஸ்திரிதான் விஷயத்தைச் சொன்னார்: அடித்தவர் தெருமுனையில் வந்து நின்று, எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொல்ல வேண்டும். அதுவரை இந்தத் தெருவில் துடைப்பம் படாது.

தெருவாசிகள் வார்டு ஆபீசுக்குப் போனார்கள். படித்த பெண்மணி ஒருத்தி கூட வந்தால் நல்லது என்று என்னையும் அழைத்தார்கள். கிருஷ்ணமூர்த்தியே முன்னால் நடந்தார். அங்கே ஒரு ஜன்னலில், இது சுகாதாரப் பிரிவு என்றார்கள். சுகாதாரப் பிரிவில், அவர்கள் கான்டிராக்ட் ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கான்டிராக்டரின் போன் நம்பர் கேட்டதற்கு, அதை மூன்றாவது ஜன்னலில் கேளுங்கள் என்றார்கள். மூன்றாவது ஜன்னல் சாத்தியிருந்தது.

கடைசியில் ஒரு அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். பெண்கள் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கன்னடம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் பயமோ கோபமோ வந்தால் நாக்கு தமிழுக்கு ஓடிவிடும். 'அடித்தார்' என்பதற்குக் கன்னடத்தில் 'ஹொடெதரு' என்று சொல்ல வேண்டும். நான் அவசரத்தில் நம் 'அடி'யைக் கன்னடம்போல நீட்டி, "இவரு அவளன்ன ஆடிதரு" என்றேன். 'ஆடிதரு' என்றால் விளையாடினார் என்று அர்த்தம்.

அதிகாரி ஒரு நிமிடம் விழித்தார். பிறகு சிரித்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கிருஷ்ணமூர்த்தியும் சிரித்தார். "டீச்சர், இந்த வயசுல என்ன விளையாடுவேன்?" என்றார். எனக்குக் காது சுட்டது. சரியான வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தபோது அவர்கள் காபிக்கு எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அதைச் சொன்னால் எடுபடாது. நான் இந்த ஊருக்கு வந்து செய்த மொழிப் பிழைகளில் வேறு எதற்கும் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஓர் அறையை நான் விளையாட்டாக்கிவிட்டேன்.

திரும்பும் வழியில் கிருஷ்ணமூர்த்தி என்னிடம் சொன்னார்: "நீங்க ஒரு வார்த்தை போய்ப் பேசுங்களேன் மேடம். நிம்ம ஜனானே அல்வா?"

உங்க ஆட்கள்தானே.

5

எங்க ஆட்கள்.

என் கிராமத்தில் நான் பத்து வயதுப் பெண்ணாக மாவு மிஷினில் நின்றது ஞாபகம் வந்தது. காலனிக்காரர்களை ஊர் தள்ளி வைத்திருந்த நேரம். பெரிய வீட்டுச் சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்காக ஊர் கூடிப் பேசியது. என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, பேச்சு கிடையாது என்று முடிவானது. நான் வரிசையில் நிற்கும்போது காலனியிலிருந்து ஓர் அம்மாள் கூடையில் கேழ்வரகோடு வந்தார். மிஷின்காரர் மிஷினை நிறுத்தினார். அவ்வளவுதான். அந்தச் சத்தம் நின்றதும் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மாள் பிறகு கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அவர் தெரு திரும்பியதும் மிஷின் மறுபடி ஓடியது.

பாடப் புத்தகத்தில் புறக்கணிப்பு என்பது எளியவர்கள் பெரியவர்களை எதிர்த்துச் செய்தது என்று படித்திருக்கிறோம். எங்கள் ஊரில் அது தலைகீழாகத்தான் நடந்தது. கன்னடத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, பஹிஷ்கார. தமிழிலும் பழைய பேப்பர்களில் பகிஷ்காரம் என்றுதான் எழுதினார்கள். கடை வைத்திருக்கிறவன் உப்பு தரமாட்டேன் என்பதும் பகிஷ்காரம். கூட்டுகிறவள் கூட்டமாட்டேன் என்பதும் பகிஷ்காரம். முன்னவனுக்கு ஒரு குறைவும் ஏற்படாது. பின்னவளுக்கு அன்றைய சோறு போய்விடும்.

இந்த யோசனைகளோடுதான் ரயில் பாதையைத் தாண்டினேன்.

அஞ்சலையின் வீடு ஒரே அறை. சுவரில் புத்தர் படம். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கன்னம் சாதாரணமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சாந்தியும் வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். அவரும் அதே குழுவில் கூட்டுகிறவர்.

"அவங்க அனுப்பி வந்தீங்களா, நீங்களா வந்தீங்களா?" என்று கேட்டார் அஞ்சலை.

"அவங்கதான் அனுப்பினாங்க. ஆனா எனக்கும் வரணும்னு இருந்தது."

"இன்னான்னு சொல்லி அனுப்புனாங்க?"

நான் மறைக்கவில்லை. "உங்க ஆளுங்கதானேன்னு சொன்னாங்க."

அஞ்சலை சாந்தியைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாடி? நாம டீச்சரம்மா ஆளாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊர்ல எந்தப் பக்கம் நீங்க?"

சொன்னேன்.

"எங்க அப்பாவுக்கும் அந்தப் பக்கந்தான். ஊர்ல எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"நெனச்சேன்" என்றார் அஞ்சலை. கோபமாகச் சொல்லவில்லை. "எங்க அப்பா அங்கேந்து ஏன் வந்தாரு தெரியுமா? மோளம் அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்கு ஊரே கூடி தள்ளி வெச்சுட்டாங்க. உப்பு இல்ல, சீமெண்ண இல்ல. கைக்கொழந்தைக்கு பால் இல்ல. சட்டிபானய தூக்கிக்கினு ரயிலேறிட்டாரு. நான் பொறந்தது இங்கதான். அங்க நீங்க எங்கள தள்ளி வெச்சீங்க. இங்க நாங்க ஒரே ஒரு தெருவ தள்ளி வெச்சிருக்கோம். அதுக்கே உங்களுக்கு ஆபீஸ், கலெக்டர், தூதுவரு எல்லாம் வேண்டியிருக்குது."

நான் மாவு மிஷினில் பார்த்தது அதற்குப் பல வருடம் கழித்து நடந்த வேறொன்று. "அவர் வந்து சொன்னா போதுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"போதும். காசு வாணாம், பொடவ வாணாம். அறைஞ்சது தெருவுல. சொல்றதும் தெருவுல சொல்லணும்."

வாசலிலிருந்து சாந்தி மெதுவாகச் சொன்னார்: "சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க டீச்சரம்மா. மத்த தெருவெல்லாம் கூட்டுனாலும் மேஸ்திரி எங்க எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டுக்கினு வர்றாரு."

"நீ சும்மா இருடி" என்றார் அஞ்சலை. ஆனால் அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது.

6

குப்பை ஏறிக்கொண்டே போனது. தெருவின் சிமென்ட் தொட்டி நிறைந்து வழிந்தது. நாய்கள் இழுத்துப் போட்டன. அவரவர் வாசலை அவரவர் கூட்டி அடுத்த வாசல் பக்கம் தள்ளினார்கள். அடுத்த வீட்டுக்காரர் அதைத் திரும்பத் தள்ளினார். இத்தனை வருடம் பூஜைக்குப் பூப் பரிமாறிக்கொண்ட வீடுகள் வாழைத்தோலுக்காகச் சண்டை போட்டன. ஆள் வைத்துக் கூட்டச் சொன்னார்கள். வந்த ஆள் இரண்டாம் நாள் வரவில்லை. விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கும்.

புறக்கணிப்பு வேலை செய்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். சண்டை இல்லை, கோஷம் இல்லை, ஒரு கல் விழவில்லை. செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டார்கள். அதிலேயே தெருவின் மரியாதை எல்லாம் நாறிப்போனது.

முதலில் சாவித்ரம்மாதான் வாயைத் திறந்தார். கிருஷ்ணமூர்த்தியின் வீட்டு வாசலிலேயே நின்று, "ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் ஒருவருக்காக நாங்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியுமா?" என்று கேட்டார். மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அவருக்கு வணக்கம் சொல்வதைச் சிலர் நிறுத்தினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தார். முகம் தளர்ந்து போயிருந்தது. "அவளை இங்கே வரச்சொல்லுங்கள், நல்ல புடவை ஒன்று கொடுத்து, போனது போகட்டும் என்று சொல்லிவிடுகிறேன்" என்றார்.

"புடவை வேண்டாமாம். தெருவில் சொல்ல வேண்டுமாம்" என்றேன்.

அவர் எழுந்து ஜன்னல் வழியாகத் தெருக் குப்பையைப் பார்த்தார். பிறகு, "சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லுங்கள். முனையில் வந்து நிற்கிறேன்" என்றார்.

"கட்டாயமா?"

"உங்களுக்காக ஒருநாள் அந்த கேட்டில் நின்றவன்தானே நான்" என்றார்.

அதற்குமேல் நான் என்ன கேட்பது? ஸ்ரீராம்புரத்துக்கு ஓடாத குறையாகப் போனேன். செய்தியைச் சொன்னதும் சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலை மட்டும், "நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"அவர் வாயால சொன்னார். நான் கேட்டேன்."

அஞ்சலை வெளியே போய் மற்றப் பெண்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "அந்த ஆளு பேச்ச நம்பி இல்லடி. டீச்சரம்மா சொல்றாங்க. அதுக்காகப் போவலாம்."

7

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேலைக்கு வரும்போது மேலே ஒரு பழைய சட்டை போட்டு, தலையில் துணி கட்டியிருப்பார்கள். அன்று நல்ல புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அஞ்சலை மாம்பழ நிறத்தில் ஒரு புடவை கட்டியிருந்தார். தெருமுனையில், குப்பையை ஒட்டி, வரிசையாக நின்றார்கள். துடைப்பங்களைச் சுவரோரமாக வைத்திருந்தார்கள். தப்பு என்று சொன்னதும் அந்த நல்ல புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்போதே கூட்டித் தந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தார்களாம். சாந்தி என் காதில் சொன்னார்.

எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். சேகரும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அஞ்சலை பக்கத்தில் நின்றேன்.

கிருஷ்ணமூர்த்தி வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, சட்டை. மெதுவாக நடந்து வந்து கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினார். அந்த நேரத்தில் தெருவின் மறுகோடியிலிருந்து ஒரு லாரி உள்ளே வந்தது.

லாரியின் பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். புதிய துடைப்பங்கள். இரண்டு பேரின் இடுப்பில் குழந்தை. கான்டிராக்டரின் ஆள் முன்னாலிருந்து குதித்து இறங்கி, "ம், ஆரம்பியுங்கள்" என்றான். அவர்கள் இறங்கினார்கள். வட கர்நாடகத்துப் பக்கம் மழை பொய்த்த ஏதோ ஊரிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. குழந்தைகளை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுக் கூட்ட ஆரம்பித்தார்கள்.

கிருஷ்ணமூர்த்தி லாரியைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை மறுபடி போட்டார். திரும்பி உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

லாரி வருவது அவருக்கு முன்பே தெரியுமா, அவர்தான் வரவழைத்தாரா, அல்லது தற்செயலாகக் கிடைத்த வழியைப் பிடித்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவித்ரம்மா அவர் வரவழைத்ததாகவே சொன்னார். அப்படியானால் அவர் ஏன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார்?

புதிய பெண்கள் கூட்டிக்கொண்டே தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். அதில் ஓர் இளம்பெண் அஞ்சலையின் காலடிக்கு வந்து, நல்ல புடவையைப் பார்த்து இந்தத் தெருவில் குடியிருக்கிறவர் என்று நினைத்திருக்க வேண்டும். மிகவும் பணிவாக, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் அக்கா என்று கன்னடத்தில் சொன்னாள்.

அஞ்சலை நகர்ந்துகொண்டார். துடைப்பம் அவர் நின்ற இடத்தைக் கூட்டிக்கொண்டு போனது.

சாந்தி அழ ஆரம்பித்தார். அஞ்சலை அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லவில்லை. கிருஷ்ணமூர்த்தியின் வீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அஞ்சலை" என்றேன்.

சுவரோரம் இருந்த துடைப்பங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் தெரு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. யாரோ கோலம்கூடப் போட்டார்கள்.

8

கான்டிராக்டர் பழைய பெண்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டான். பக்கத்துத் தெருக்களுக்கும் லாரிப் பெண்களே வந்தார்கள். நான் இரண்டு முறை ஸ்ரீராம்புரம் போனேன். அஞ்சலையின் வீடு இரண்டு முறையும் உள்ளே தாழிட்டிருந்தது. சாந்திதான் தன் வாசலில் நின்றபடி சொன்னார்: "போயிடுங்க டீச்சரம்மா. நல்ல பொடவ கட்டிக்கினு வரவெச்சு ஊருக்கு வேடிக்க காட்டிட்டீங்க. அத மட்டும் எங்களால தாங்க முடில." அவருக்கும் நான் சொன்னேன், எனக்குத் தெரியாது என்று. "தெரியாம இருக்குமா? அந்தத் தெருவுலதான இருக்கீங்க?" என்றார். அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

சேகரிடம் சொல்லி அழுதேன். "நீ நல்லதுக்குத்தானே போன, விடு" என்றார். தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்தால் சிரித்தார்கள். பிரச்சினை தீர்ந்ததில் என் பங்கும் இருந்ததாக நினைத்தார்கள்.

அதன்பின் நானும் ஒரு புறக்கணிப்பு செய்தேன். கிருஷ்ணமூர்த்தியோடு பேசுவதை நிறுத்தினேன். காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "நமஸ்கார மேடம்" என்பார். நான் நேரே பார்த்தபடி நடப்பேன். நெஞ்சுக்குள் பெரிய போராட்டம் நடத்துவதாக நினைப்பு. மாதக்கணக்கில் இப்படிப் போயிற்று. ஒருநாள் அவர் சேகரை நிறுத்தி மிகுந்த அக்கறையோடு, "மேடத்துக்குக் காது கொஞ்சம் மந்தமா? நல்ல டாக்டர் ஒருவரைத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். சேகர் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். என் பேச்சு அவருக்கு எதற்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாத ஒன்றை நிறுத்தி வைத்தால் அது நின்றதே தெரியாது. மறு வருடமே நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டோம். வாடகை கூடிவிட்டது என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். அதுவும் கோழைத்தனம்தான்.

அஞ்சலையை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். பள்ளி விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். ஒரு நிறுத்தத்தில் முன்பக்கமாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. பின்னால் நின்ற பெண்ணிடம் தமிழில், "கொஞ்சம் நவுந்துக்கம்மா, கால மிதிக்கிற" என்று சொன்னார். அதே உரத்த குரல்.

"அஞ்சலை" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கண்ணில் ஒரு நொடி அடையாளம் வந்தது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"அஞ்சலை, அன்னிக்கு லாரி வர்றது சத்தியமா எனக்குத் தெரியாது. உங்ககிட்ட சொல்றதுக்காக ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தேன்."

அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு சுத்தமான கன்னடத்தில், முன்பின் தெரியாத பெரிய வீட்டுப் பெண்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னார்:

"நீவு யாரும்மா? நனகெ கொத்தில்ல."

நீங்கள் யாரம்மா, எனக்குத் தெரியவில்லை. அதை நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். அவர் எனக்குத் தமிழில் சொல்லவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அது ஸ்ரீராம்புரம் நிறுத்தம் இல்லை. அங்கிருந்து அவர் வெகுதூரம் நடந்துதான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.